கையில் இருந்த ஹைகிரவுண்ட் சீட்டை விட்டுவிட்டு வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன், இப்போது மாற்றல் கிடைக்குமா?

ஏரல்காரன்
2024 பிப்ரவரி 11, இரவு 11.40

வணக்கம். இங்கே டாக்டர்களும் டாக்டருக்குப் படிக்கிறவர்களும் நிறைய எழுதுகிறீர்கள், நான் ஆறு மாதமாகச் சத்தமில்லாமல் வாசிக்கிறவன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன். திட்டுவதென்றால் திட்டிவிட்டுப் பதிலும் சொல்லுங்கள்.

எம்பிபிஎஸ் முதல் வருடம், 2023 பேட்ச். சொந்த ஊர் ஏரல் பக்கம். போன வருடம் நீட்டில் நல்ல மார்க் வந்தது. மாநிலக் கவுன்சிலிங்கில் திருநெல்வேலி மெடிக்கல், அதாவது நம் ஹைகிரவுண்ட், கிடைத்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டில், இந்தி பேசுகிற ஒரு மாநிலத்தில் பழைய அரசுக் கல்லூரி ஒன்றிலும் இடம் வந்தது. கல்லூரிப் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எதில் சேர்வது என்று மூன்று நாள் வீட்டில் பேச்சு. அம்மா சொன்னது இதுதான்: "ஹைகிரவுண்டுன்னா ஒரு மணி நேர பஸ்சு, ஞாயித்துக்கிழமை வந்து மீன்கொழம்பு சாப்பிட்டுட்டுப் போயிருவ." அதைக் கேட்டதும்தான் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பாளையங்கோட்டையில் ஹாஸ்டல், அதே முருகன்குறிச்சி, அதே சமாதானபுரம், இன்னும் ஐந்தரை வருடம் அதே பஸ்சில் தொங்கவா என்று நினைத்தேன். நீட் சொல்லிக்கொடுத்த சாரும் "வடக்கே போ, நோயாளிக் கூட்டம் என்றால் என்னவென்று பார்ப்பாய், பிஜி மேற்படிப்புக்குப் படிக்கிற பழக்கமும் வரும்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானே முடிவெடுத்து நானே போனேன். வேறு யாராவது தள்ளிவிட்டிருந்தால் அவர்களைத் திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்பேன்.

முதல் மூன்று மாதம் எப்படியோ ஓடியது. டிசம்பர் 17, 18 மழை உங்களுக்குத் தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அது. ஆறு ஊருக்குள் வந்துவிட்டது என்று ஒரு வாட்ஸ்அப் குரல் வந்தது, அதோடு எல்லாப் போனும் செத்துவிட்டது. அம்மா, அப்பா, சித்தப்பா, பக்கத்து வீடு, ஒருவரும் எடுக்கவில்லை. நான் அங்கே ஸ்வெட்டர் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு டிசெக்‌ஷன் ஹாலில் நிற்கிறேன், மேசையில் பிராக்கியல் பிளெக்ஸஸை, அதாவது கைக்குப் போகிற நரம்புப் பின்னலை, பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் கோட்டுப் பையில் கையை விட்டு ரீடயல் அழுத்திக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனதை யூடியூபில்தான் பார்த்தேன், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் மாதிரி இருக்கிற ஊர் அது. நாலாம் நாள் சித்தப்பா பேசினார். ஆச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து மாடியில் வைத்திருந்தார்களாம். எல்லாரும் நலம். அதற்கப்புறம் எனக்கு எதுவுமே தலையில் ஏறவில்லை.

பொங்கலுக்கு வந்தேன். ஜனவரி கடைசியில் திரும்ப டிக்கெட், திருக்குறள் எக்ஸ்பிரஸ். ரத்து செய்தேன். மறுபடி போட்டேன், அதையும் ரத்து செய்தேன். வீட்டில் லீவை நீட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா நம்புகிறாள். அப்பா நம்பவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் கேட்கவில்லை.

இப்போது என் கேள்வி. முதல் வருடம் பாஸ் பண்ணினால் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ ஆசாரிபள்ளத்துக்கோ மாற்றல் வாங்க முடியுமா? யாராவது ஒருவர் அங்கே வர விரும்பினால் மியூச்சுவலாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஹாஸ்டலில் ஒரு அண்ணன் சொன்னார், உண்மையா? அதுவும் இல்லையென்றால் மார்ச் 9 வரை இந்த வருட நீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், மே 5 பரீட்சை. மறுபடி எழுதிவிடலாமா?


பிஎச்சி டூட்டி
பிப்ரவரி 12, காலை 6.15

தம்பி, நைட் டூட்டி முடிந்து எழுதுகிறேன், சுருக்கமாக இருக்கும்.

மாற்றல் கிடையாது. "கஷ்டம்" என்று சொல்லவில்லை, கிடையாது. 2023 ஜூனில் என்எம்சி, அதாவது தேசிய மருத்துவ ஆணையம், கொண்டுவந்த பட்டதாரி மருத்துவக் கல்வி விதிமுறையில் இதை முடித்துவிட்டார்கள். நீட் மதிப்பெண்ணில் ஒரு கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்டவர் வேறு கல்லூரிக்கு மாற்றல் கேட்கக் கூடாது. அரசு, தனியார், வெளிமாநிலம், உள்மாநிலம் என்றெல்லாம் அதில் பிரிக்கவில்லை. நீ சேர்ந்ததே அந்த விதி வந்த பிறகு, ஆகவே பழைய விதிப்படி என்று வாதாடவும் வழியில்லை.

மியூச்சுவல் என்பது வாத்தியார் வேலைக்கு இருக்கலாம். எம்பிபிஎஸ்ஸில் அப்படி ஒன்று இல்லை. அந்த அண்ணன் அடுத்ததாக "எனக்கு ஒரு ஆள் தெரியும், டெல்லியில் இருக்கிறார், கொஞ்சம் செலவாகும்" என்று சொல்வார். சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடு.

இதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. பொங்கலுக்கு வந்தவன் பிப்ரவரி 11 வரை ஊரில் இருக்கிறாயா? அட்டெண்டன்ஸ் எவ்வளவு இருக்கிறது? தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80, அது இல்லாமல் யுனிவர்சிட்டி பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு இங்கே எழுது. மற்றதைப் பிறகு பேசலாம்.


சும்மா ஒரு ஆள்
பிப்ரவரி 12, காலை 8.02

ஊர் ஊராய் மாற்றல் கேட்க இது என்ன விஏஓ வேலையா தம்பி. இந்த சீட்டுக்காக மூன்று வருடம் ரிப்பீட் பண்ணுகிற பிள்ளைகள் எத்தனை இருக்கிறது தெரியுமா. மீன்குழம்புக்கு ஏங்கி எம்பிபிஎஸ்ஸை விடுகிற முதல் ஆள் நீதான்.


பிஎச்சி டூட்டி
பிப்ரவரி 12, காலை 8.10

அண்ணாச்சி, வெள்ளத்தில் நாலு நாள் வீட்டாரோடு பேச முடியாமல் இருந்த பையன். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.


பழைய ஸ்டெதஸ்கோப்
பிப்ரவரி 12, பகல் 1.30

நான் அந்தப் பழைய விதிக் காலத்து ஆள், 2010 பேட்ச், மாற்றலுக்கு அலைந்தவன். இப்போது தென்காசிப் பக்கம் கண் டாக்டராக இருக்கிறேன். அன்றைக்குக் கதவு திறந்திருந்தது என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு திறந்திருந்தது என்று சொல்கிறேன் கேள்.

முதல் வருடப் பரீட்சை பாஸ் பண்ணின பிறகுதான் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்து ஒரே மாதம்தான் அவகாசம். போகிற கல்லூரியில் காலியிடம் இருக்க வேண்டும், அதுவும் மொத்த இடத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, 150 பேர் கல்லூரி என்றால் ஏழு பேர். இருக்கிற கல்லூரி, போகிற கல்லூரி, இரண்டின் பல்கலைக்கழகங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். நான் படித்தது வெளிமாநிலத்துத் தனியார் கல்லூரி. முதல்வர் கையெழுத்துக்கு மட்டும் பத்தொன்பது நாள். கையெழுத்துப் போட மறுக்கவில்லை, "நாளைக்கு வா" என்றார்கள், அவ்வளவுதான். யுனிவர்சிட்டி கிளார்க் ஃபைலைப் பார்த்துவிட்டு ஃபீஸ் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டார். அதை வாங்கிக்கொண்டு போனால் அன்றைக்கு ஏதோ உள்ளூர் விடுமுறை. அப்பா என் கூடவே லாட்ஜில் தங்கி, காலையில் இட்லி கிடைக்காமல் பிரட் தின்றுகொண்டு, வேட்டியைத் தானே துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு அலைந்தார். முப்பதாம் நாள் எங்கள் கையில் மூன்று காகிதம் இருந்தது, இரண்டு குறைந்தது. முடிந்தது.

அதில் நான் நஷ்டப்பட்டது மாற்றல் இல்லை. அந்த ஒரு மாதமும், அதற்கப்புறம் துக்கம் கொண்டாடிய மூன்று மாதமும் பாத்தாலஜி, பார்மகாலஜி வகுப்பில் நான் உட்காரவே இல்லை. எப்படியும் போகப்போகிற கல்லூரிதானே என்று நண்பர்களும் பிடிக்கவில்லை. பார்மாவில் அரியர் விழுந்து பேட்சுக்குப் பின்னால் போய்விட்டேன். நீ இப்போது ஊரில் உட்கார்ந்து டிக்கெட்டை ரத்து செய்துகொண்டிருக்கிறாயே, அது அதேதான்.


கடையத்தாள்
பிப்ரவரி 12, இரவு 9.20

தம்பி, நான் ஹைகிரவுண்டில் படித்தவள், ஊருக்குள்ளேயே படித்தவள், நீ வேண்டாம் என்று விட்டுப் போன அதே பஸ்சில் தொங்கினவள். 1965ல் தொடங்கின கல்லூரி, நல்ல கல்லூரி, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். முதல் வருடம் நெட்டர் அட்லஸை, அந்த அனாட்டமிப் படப் புத்தகத்தை, திறந்து வைத்துக்கொண்டு நான் அழாத வாரம் கிடையாது. அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டும் அழலாம். அதனால் உன்னிடம் ஒரு கேள்வி, யோசித்துப் பதில் சொல். உனக்கு எது வேண்டாம்? அந்தக் கல்லூரியா, ஊர் தூரமா, படிப்பேவா? மழைக்கு முந்தின மூன்று மாதம் "எப்படியோ ஓடியது" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாயே, அதில் என்ன நடந்தது?


ஏரல்காரன்
பிப்ரவரி 13, அதிகாலை 12.50

அக்கா, இதை யாரிடமும் சொன்னதில்லை.

படிப்பு பிடித்திருக்கிறது. பாடம் இங்கிலீஷில்தான் நடக்கிறது, புரிகிறது. முதல் இன்டர்னலில் பிசியாலஜியில் வகுப்பில் மூன்றாவது மார்க். அறை நண்பர்கள் நல்லவர்கள், தமிழ்நாட்டுக்காரன் என்று யாரும் கிண்டல் செய்ததில்லை, உடன்குடிக் கருப்பட்டியைக் கொண்டுபோனால் ஒரே நாளில் தின்று தீர்க்கிறார்கள்.

பிரச்சினை வார்டில். முதல் வருடத்திலேயே நோயாளியைப் பார்க்க அழைத்துப் போகிறார்கள் இல்லையா, அதில் நவம்பரில் ஒரு நாள் மெடிசின் வார்டு. ஆளுக்கு ஒரு கட்டில், பத்து நிமிடம் பேசி என்ன தொந்தரவு என்று மட்டும் எழுதி வரச் சொன்னார்கள். எனக்கு ஒரு பாட்டி. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு "புகார், புகார்" என்கிறாள். எனக்கு அன்றைக்கு இந்தியில் எண்களும் "பானி"யும்தான் தெரியும். யார் மேலேயோ புகார் சொல்கிறாள், நர்ஸ் திட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டி, சார் வந்ததும் இங்கிலீஷில் "பேஷண்ட் ஏதோ கம்ப்ளெயிண்ட் பண்ணுகிறார்" என்றேன். சார் "என்ன கம்ப்ளெயிண்ட்" என்றார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் "காய்ச்சல்" என்றான். புகார் என்றால் காய்ச்சலாம். எல்லாரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார், கெட்ட எண்ணத்தில் இல்லை. பாட்டி மட்டும் சிரிக்கவில்லை, கையை எடுத்துக்கொண்டாள். என் கையே கொதிக்கிற மாதிரி சூடு இருந்திருக்கிறது அந்தக் கையில், நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. வார்த்தையைப் பிடிக்கிற அவசரம்.

கோர்ஸ் தொடக்கத்தில் ஃபவுண்டேஷனில் உள்ளூர் மொழி வகுப்பு வைத்தார்கள். "உங்கள் பெயர் என்ன, உங்களுக்கு எத்தனை குழந்தைகள்" என்கிற அளவில் போயிற்று. இனி கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆச்சி மேலுக்கு முடியவில்லை என்றால் எனக்குப் புரிகிறது. அங்கே எனக்கு யாரும் புரியவில்லை. நோயாளி சொல்வதே புரியாமல் நான் எப்படி டாக்டராவது?


கடையத்தாள்
பிப்ரவரி 13, பகல் 2.45

சரி, இப்போது விஷயம் வெளியே வந்தது.

நம் ஊர் பேச்சு எனக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் ஹவுஸ் சர்ஜன் ஆனேன். ஒரு அண்ணாச்சி, ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், பால் வியாபாரம், சைக்கிளைத் தானே ஓட்டிக்கொண்டு காஷுவாலிட்டிக்கு வந்தார். "வாயு பிடிச்சிருக்கும்மா, ரெண்டு கோலிசோடா குடிச்சேன், கலையல, ஒரு ஊசி போடு" என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மூச்சு? இல்லை. நான் கேட்டது தமிழ், அவர் சொன்னது தமிழ், இரண்டு பேருக்கும் புரிந்தது, நான் வாயு என்றே எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற சீனியர் சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹார்ட் அட்டாக். நெஞ்சுக்குள் ஏதோ கல்லை வைத்த மாதிரி அழுத்துவதை நம் பக்கத்துப் பெரியவர்கள் வலி என்று சொல்வதில்லை, வாயு என்பார்கள். அதை எனக்குக் கற்றுத்தந்தது தாய்மொழி இல்லை, அந்த சிஸ்டர்.

ஆகவே நீ இங்கே இருந்திருந்தாலும் மொழி படிக்கத்தான் வேண்டும். உனக்கு அங்கே கூடுதலாக ஒரு மொழி, அதுவும் நாளெல்லாம் காதில் விழுகிற மொழி. நீ முதல் வருடம். முழு நாள் வார்டு வேலை உனக்கு இன்னும் தொடங்கவே இல்லை. எனக்குத் தெரிந்த கேரளப் பிள்ளைகள் இங்கே வந்து ஒரு வருடத்தில் "என்ன தாத்தா, ராத்திரி ஒறங்குனீயளா" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டியின் கை சூட்டைக் கவனிக்கவில்லை என்று நீயே எழுதினாய் பார். அது இந்தி தெரியாததால் வந்த தப்பு இல்லை.


தம்பிக்கு அக்கா
பிப்ரவரி 13, இரவு 8.15

நீட் மறுபடி எழுதுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் தம்பி இதைச் செய்தவன்.

பக்கத்து மாநிலத்தில் தனியார் கல்லூரி, சேர்ந்து மூன்றாம் மாதம் வந்துவிட்டான். வந்த பிறகுதான் தெரிந்தது, பத்தாவது, பன்னிரண்டாவது, டிசி எல்லாம் அவர்களிடம் இருக்கிறது, நடுவில் விட்டால் கட்ட வேண்டிய பணம் என்று சேரும்போதே நாங்கள் எழுதிக்கொடுத்த தாள் ஒன்றும் இருக்கிறது. அதை அன்றைக்கு யார் வாசித்தோம், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம். அப்பா களக்காட்டுப் பக்கம் இருந்த வாழைத் தோட்டத்தில் பாதியை விற்றுத்தான் சர்டிபிகேட்டை வாங்கினார். தம்பி வீட்டில் இருந்தே படித்தான். முதல் தடவை ராட்சசன் மாதிரி படித்தவன், இரண்டாம் தடவை புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவான். மார்க் முந்தின வருடத்தைவிடக் குறைவு.

கதை சோகமாக முடிகிறது என்று நினைக்காதீர்கள், இப்போது பிடிஎஸ் மூன்றாம் வருடம் படிக்கிறான், பல் செட் செய்கிற வேலை அவனுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது, அப்பாவுக்கே அவன்தான் கட்டினான். ஆனால் தோட்டம் போனது போனதுதான். நீ முதலில் சேரும்போது கொடுத்த பத்திரத்தை எடுத்து என்ன தொகை என்று பார். இங்கே மாநிலக் கவுன்சிலிங் ப்ராஸ்பெக்டஸில், ஏற்கெனவே எம்பிபிஎஸ் படித்துக்கொண்டிருப்பவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் வரி வரியாக வாசி. அப்புறம் முடிவு செய். அதுவும் உங்கள் அப்பாவிடம் சொன்ன பிறகு.


பிஎச்சி டூட்டி
பிப்ரவரி 13, இரவு 8.40

அக்கா சொன்னதோடு சேர்த்து: மே 5க்கு இன்னும் 82 நாள்தான். இந்த வருடம் நீட் பாடத்திட்டத்தையும் மாற்றியிருக்கிறார்கள். ஆறு மாதமாக நீ பிசிக்ஸைத் தொட்டிருக்க மாட்டாய்.

பிஜி பற்றி உங்கள் சார் சொன்னது பாதி சரி. நீட் பிஜியில் 200 கேள்வி, 800 மார்க், எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று அதில் ஒரு கேள்வியும் கிடையாது. ஆனால் அகில இந்திய ஒதுக்கீடு எம்பிபிஎஸ்ஸில் 15 சதவீதம், பிஜியில் 50. ஊருக்கு வர வேண்டும் என்றால் அந்த வாசல் பெரிது.

அட்டெண்டன்ஸ் கணக்கு இன்னும் வரவில்லை.


மிலிட்டரி டாக்டர்
பிப்ரவரி 14, காலை 5.30

வள்ளியூர்க்காரன். ராணுவ மருத்துவப் பிரிவில் ஜபல்பூர், மீரட் என்று சில வருடம் இருந்துவிட்டு வந்தவன். போகும்போது எனக்குத் தெரிந்த இந்தி சினிமாப் பாட்டு மட்டும். அதில் நோயாளி யாரும் வருவதில்லை.

புகாரைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், மன்னித்துக்கொள், நான் அதைவிட மோசம். முதல் வாரம் ஒரு ஜவான் வந்து "சக்கர் ஆ ரஹா ஹை சாப்" என்றான். சக்கர் என்றதும் சர்க்கரை வியாதி என்று முடிவுகட்டி, வீட்டில் அப்பா அம்மாவுக்கு உண்டா, இரவில் எத்தனை தடவை எழுந்து போகிறாய் என்றெல்லாம் சைகையில் கேட்டு, சுகர் டெஸ்டுக்கு எழுதிக்கொடுத்தேன். அவன் சொன்னது தலைசுற்றல். நல்லவேளை, தலைசுற்றலுக்கும் சுகர் பார்க்கிற வழக்கம் உண்டு, மானம் தப்பியது.

புத்தகம் வாங்காதே. நான் செய்தது இதுதான். ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை இருக்கும், அதில் சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார். வார்டிலிருந்து வருகிற துணையாட்கள் தங்கள் வீட்டு நோயாளியின் கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நம் ஊரில் சொல்வதைப் போலத்தான். அதுதான் கேஸ் ஹிஸ்டரி. வாரத்துக்குப் பத்து வார்த்தை, போதும். தஸ்த் வயிற்றோட்டம். காங்சி இருமல். ஜீ மிச்லானா குமட்டல். சாங்ஸ் ஃபூல்னா மூச்சு வாங்குகிறது. கமஜோரி என்றால் நம் ஆட்கள் "கை கால் ஓயுது" என்பார்களே, அது. கப்ராஹட் என்று ஒன்று சொல்வார்கள், அது படபடப்பா, பயமா, நெஞ்சு ஒரு மாதிரி இருப்பதா என்று அவர்களுக்கே தெரியாது, அந்த அக்கா சொன்ன வாயு மாதிரி ஒரு வார்த்தை, அதைக் கேட்டால் நீயும் ஈசிஜி மெஷினைத் தேடு. இன்னொன்று, படுக்கையில் இருக்கிற பெரியவர்களிடம் பேசுவதற்கு ஆயாம்மாவை விட்டால் வாத்தியார் இல்லை. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். தலையை ஆட்டாதே.

ஊர்ப்பக்கம் மனது இழுக்கிறதே, அதற்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்கு முதல் வருடம் முழுக்க இழுத்தது.


ஏரல்காரன்
பிப்ரவரி 16, இரவு 10.05

பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி, சும்மா ஒரு ஆள் அண்ணனுக்கும்தான்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வாசல் திண்ணையில், வெள்ளத்தில் சேறேறின மோட்டாரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமலே "லீவு முடிஞ்சு மூணு வாரம் ஆச்சுன்னு தெரியும்ல" என்றார். உன் கூடப் படிக்கிற பையனுக்குப் போன வாரமே போன் பண்ணிக் கேட்டேன் என்றார். அவர் இங்கிலீஷும் அவன் இந்தியும் எப்படிப் பேசிக்கொண்டார்களோ தெரியவில்லை. பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தோம். தொகையை இங்கே எழுதவில்லை, எங்கள் வீட்டில் விற்பதற்குத் தோட்டம் கிடையாது.

நீட் விண்ணப்பம் போடவில்லை. போடமாட்டேன் என்று இன்னும் முழுசாகச் சொல்ல முடியவில்லை, மார்ச் 9 வரை நாள் இருக்கிறது, மனசு மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் திருக்குறளில் டிக்கெட் போட்டாகிவிட்டது, வெயிட்டிங் லிஸ்ட் 14, கன்ஃபர்ம் ஆகவில்லை என்றால் தட்கல். இந்தத் தடவை டிக்கெட்டை அப்பா போனில் போட்டார், ரத்து செய்கிற பாஸ்வேர்டு என்னிடம் இல்லை.

பிஎச்சி டூட்டி அண்ணன் கேட்ட கணக்கு: அனாட்டமி தியரி 78, பிராக்டிகல் 76. பிசியாலஜி தியரி 81, பிராக்டிகல் 79. பயோகெமிஸ்ட்ரி தியரி 72, பிராக்டிகல் 80. வகுப்புப் பையன் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னது.


பிஎச்சி டூட்டி
பிப்ரவரி 16, இரவு 10.30

நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. இனி ஒரு வகுப்பும் ஒரு பிராக்டிகலும் விடாமல் போனால் பரீட்சைக்கு முன் மூன்றிலும் தேறிவிடுவாய். போனதும் முதல் வேலையாக மூன்று டிபார்ட்மெண்ட் ஹெச்ஓடியையும் நேரில் பார்த்து வெள்ளம், வீடு, எல்லாவற்றையும் சொல்லி ஒரு கடிதம் கொடு. எழுத்தில் கொடு. பொய்யாக ஜாண்டிஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போகாதே, எல்லாரும் ஜாண்டிஸ்தான் கொண்டுவருகிறார்கள்.


ஏரல்காரன்
பிப்ரவரி 16, இரவு 10.48

சரி அண்ணா. மிலிட்டரி சார், ஒரே ஒரு சந்தேகம். ஆச்சி "மேலுக்கு முடியல" என்பாளே, அதற்கு இந்தியில் என்ன?


மிலிட்டரி டாக்டர்
பிப்ரவரி 17, காலை 5.20

தபியத் டீக் நஹீ ஹை. அந்த டீக்கை நாம் குடிக்கிற டீ மாதிரி சொல்லாதே, மூச்சைக் கொஞ்சம் வெளியே விட்டுச் சொல். மற்றதை அந்தப் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கவில்லை என்றால் அவளிடமே கேள்.